அவலாஞ்சியில் பனிச்சரிவு இல்லை

ஊட்டியிலிருந்து எமரால்டு வழியாக அவலாஞ்சிக்குச் செல்லும் வண்டியில் முதன்முறை வருகிறவர் ஒருவர் இருந்தால், பாதி வழியில் ஒரு கேள்வி எழும்: "இங்கே பனிச்சரிவு எந்த மாதத்தில் வரும்?" இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவரிடம் குற்றமில்லை. பள்ளியில் படித்த ஆங்கிலத்தின்படி 'அவலாஞ்ச்' என்பது மலைச்சரிவில் குவிந்து கிடக்கும் வெண்பனி பெயர்ந்து பேரோசையுடன் கீழே பாய்வதைக் குறிக்கும். அது ஆல்ப்ஸிலும் இமயத்திலும் நடக்கும். பனி பொழியாத நீலகிரியில் நடக்க வழியில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே மண்ணும் பாறையும் மரங்களுமாக ஒரு மலைச்சரிவு பெயர்ந்து விழுந்தது. அந்த நிலச்சரிவுக்கு ஆங்கிலேயர் தங்கள் நாட்டுப் பக்கத்துப் பனிச்சரிவின் சொல்லைச் சூட்டினார்கள். சொல் அப்படியே ஊருக்கும் பிறகு ஏரிக்கும் பெயராகிவிட்டது. உண்மையில் அவலாஞ்சிக்குரிய அடையாளம் மழை. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையில் பாதிக்கும் அதிகம் அது.

மலைப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆங்கிலமும் புவியியலும் கற்பித்ததில் எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. ஆங்கிலச் சொற்களில் மாணவர்கள் தடுமாறுவதற்கும், ஊர்ப்பெயர்களில் பெரியவர்கள் தடுமாறுவதற்கும் காரணம் ஒன்றுதான்: ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் போன சொல் தன் பழைய பொருளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே ஒரு பெயரைக் கண்டதும் அகராதியைத் திறப்பதற்கு முன்னால், இதை யார் வைத்தார், எந்த மொழியில் வைத்தார், அடுத்தவர் காதில் அது எப்படி விழுந்தது என்று கேட்டுக்கொள்வது நல்லது. புதிதாகக் கற்பவருக்கு இந்த மூன்று கேள்விகளே போதும் என்பதை, நம் மலைகளில் உள்ள பெயர்களைக் கொண்டே காட்ட முயல்கிறேன்.

முதலில் பனி. தமிழில் 'பனி' என்ற ஒரே சொல், புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளியையும், கண்ணை மறைக்கும் வெண்புகையையும், உறைந்த வெண்படலத்தையும், வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்குவதையும் குறிக்கும். சமவெளித் தமிழருக்கு முதல் இரண்டை மட்டுமே தெரியும். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்குப் பெயர் வைத்தவர்களுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இவை நான்கும் நான்கு தனிச் சொற்கள்: ட்யூ, ஃபாக், ஃப்ராஸ்ட், ஸ்னோ. 'ஊட்டியில் ஸ்னோ விழுகிறது' என்று ஒவ்வொரு ஆண்டும் மார்கழியில் ஒளிப்படங்கள் பரவுகின்றன. ரயில் நிலையத்தை ஒட்டிய புல்வெளியும், குதிரைப் பந்தயத் திடலும், தலைகுந்தாவின் சரிவுகளும் அவற்றில் வெள்ளையாகத் தெரியும். அது ஸ்னோ அன்று. ஃப்ராஸ்ட், அதாவது உறைபனி.

வேறுபாடு வெறும் சொல்லில் இல்லை, உருவாகும் விதத்திலேயே இருக்கிறது. காற்று அசையாத, மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழக்கிறது. தடுக்க மேகப் போர்வை இல்லாததால் புல்லின் பரப்பு சுழியம் டிகிரிக்கும் கீழே குளிர்ந்துவிடும். அந்த நேரத்தில் ஆளுயரத்தில் வைத்த வெப்பமானி 3 அல்லது 4 டிகிரியைக் காட்டிக்கொண்டிருக்கலாம். காற்றிலுள்ள நீராவி அந்தக் குளிர்ந்த இலைமேல் பட்டு, நீராக மாறாமலேயே பனிக்கட்டித் துகளாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டிலுள்ள தேயிலை தப்பிக்க, பள்ளத்திலுள்ள தேயிலை கருகிப்போவது இதனால்தான். ஸ்னோவோ மேகத்துக்குள் உருவாகி மேலிருந்து விழுவது. சுருக்கமாகச் சொன்னால், பனிப்பொழிவுக்கு மேகம் வேண்டும். உறைபனிக்கு மேகம் இருக்கக் கூடாது. கோடை மழையோடு ஆலங்கட்டி கொட்டிச் சாலை வெள்ளையாகும்போது எடுக்கும் படங்களும் 'ஸ்னோ' என்ற பெயரில் உலவுகின்றன. அது ஹெய்ல், தமிழில் நல்ல பழைய பெயருள்ள ஆலங்கட்டி. உறைபனியைப் பனிப்பொழிவு என்று செய்தியில் எழுதுவது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் தன் தோட்டம் கருகிய சிறு விவசாயிக்கு அது வேடிக்கைக் காட்சியன்று.

மூடுபனியிலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. வானிலையாளர் கணக்கில் கண்ணுக்கெட்டும் தூரம் 1,000 மீட்டருக்குக் குறைந்தால் ஃபாக். அதற்கு மேல் தெரிந்தால் மிஸ்ட். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முன்விளக்கைப் போட்டும் பத்தடி தெரியாமல் ஊர்ந்து வரும் ஓட்டுநர் 'ஒரே மிஸ்ட்' என்பார். அவர் கடந்து வந்தது ஃபாக்.

அடுத்தது, தொலைபேசியில் நாள்தோறும் கேட்கும் கேள்வி: "அங்கே க்ளைமேட் எப்படி இருக்கு?" இந்தக் கணத்தில் மழையா வெயிலா என்பதுதான் அவருக்கு வேண்டும். அதற்குரிய ஆங்கிலச் சொல் வெதர், தமிழில் வானிலை. க்ளைமேட் என்பது ஓர் இடத்தின் வானிலையைப் பல ஆண்டுகள், வழக்கமாக 30 ஆண்டுகள், அளந்து கண்ட சராசரி இயல்பு, தமிழில் காலநிலை. ஊட்டியின் காலநிலை குளிரானது என்பது நேற்று வெயில் அடித்ததால் மாறிவிடாது. அந்தக் குளிருக்குக் காரணம் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. மேட்டுப்பாளையத்துக்கும் 2,240 மீட்டரிலுள்ள ஊட்டிக்கும் இடையே ஏறத்தாழ 1,900 மீட்டர் உயர வேறுபாடு இருப்பதால், கணக்குப்படி 12 டிகிரி வேறுபடும். காலநிலை மாற்றம் பற்றி எல்லாரும் பேசும் காலத்தில் இந்த இரு சொற்களையும் கலந்துவிட்டால், 'நேற்று குளிர்ந்ததே, பிறகென்ன வெப்பமயமாதல்' என்ற தவறான வாதத்துக்கு இடம் கொடுத்துவிடுவோம்.

இனி மலைகளின் பெயருக்கு வருவோம். 'கிரி' என்றாலே மலை. ஆகவே 'நீலகிரி மலை' என்று சொல்லும்போது மலையை இருமுறை சொல்கிறோம். தொட்டபெட்டாவும் அப்படியே. படுகர் மொழியில் 'தொட்ட' என்றால் பெரிய, 'பெட்டு' என்றால் மலை. 2,637 மீட்டர் உயரமுள்ள அதைத் 'தொட்டபெட்டா மலைச் சிகரம்' என்று பலகையில் எழுதும்போது, பெரிய மலை மலைச் சிகரம் என்றாகிறது. இதைப் பிழை என்று திருத்த முனையத் தேவையில்லை. பிறமொழிச் சொல்லின் பொருள் தெரியாதபோது, கேட்பவருக்குப் புரியும் சொல்லைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்வது எல்லா மொழியினரின் இயல்பு. ஆனால் அந்தக் கூறியது கூறல் ஒரு தடயம்: ஒரே இடத்தில் ஒருவருக்குப் பின் ஒருவராக இரு மொழியினர் வந்து நின்றிருக்கிறார்கள் என்பதைப் பெயரே காட்டுகிறது.

இதைவிடச் சுவையானது 'காட்' என்ற சொல். வட இந்திய மொழிகளில் அது படித்துறையையோ மலையைக் கடந்து இறங்கும் கணவாயையோ குறிக்கும்; காசியின் படித்துறைகளுக்கு அந்தப் பெயர் இருப்பதை அறிவோம். மேற்குக் கரையில் இறங்கிய ஐரோப்பியர், மலையைக் கடக்கும் வழிக்கு உள்ளூரார் சொன்ன பெயரை மலைக்கே பெயராகப் புரிந்துகொண்டு 'வெஸ்டர்ன் காட்ஸ்' என்று வரைபடத்தில் எழுதிவிட்டார்கள். பர்லியாரில் ஏறும் ஓட்டுநர் அந்தப் பாதையைக் 'காட் ரோடு' என்கிறார். சொல்லின் பழைய பொருளோடு பார்த்தால் அவர் சொல்வதே சரி. தமிழில் நாம் 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்கிறோம். தொடர்ந்து செல்லும் மலை என்று உள்ளதை உள்ளபடி சொல்லும் இந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஓர் ஊருக்குப் பல பெயர்கள் இருப்பது இன்னொரு வகைத் தடுமாற்றம். ஊட்டி, உதகை, உதகமண்டலம், ஊட்டகமண்ட் ஆகிய நான்கும் ஓர் ஊர்தான். தோடர்களின் குடியிருப்பைத் தமிழில் மந்து என்பார்கள். ஆங்கிலேயர் அதை 'மண்ட்' என்று எழுதினார்கள். 1821இல் வெளியான ஒரு கடிதத்தில் ஊரின் பெயர் 'வோட்டோகிமண்ட்' என்று காணப்படுகிறது. அப்போது அவர்கள் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. பிறகு அது ஊட்டகமண்ட் என்று நிலைத்து, அவசரப் பேச்சில் ஊட்டி என்று சுருங்கியது. உதகமண்டலம் என்று தமிழ் வடிவம் கொடுத்தபோது, 'மண்ட்' இருந்த இடத்தில் 'மண்டலம்' வந்து அமர்ந்தது. இப்போது அந்தப் பெயரைப் படிப்பவருக்கு வட்டாரம், நீர் என்றெல்லாம் பொருள் தோன்றும். தோடர்களின் மந்து மட்டும் தோன்றாது. இந்த மலையின் ஆதிக்குடிகளை நினைவூட்டிய எழுத்துகள் இப்படி மறைந்துபோனதை மாணவர்களுக்கு நான் விடாமல் சொல்லி வந்தேன். கோத்தகிரி அந்த வகையில் நல்வாய்ப்புடையது. கோத்தர்களின் பெயர் அதில் இன்றும் தெளிவாக நிற்கிறது.

பல ஊர்களுக்கு ஒரே பெயர் இருப்பதோ, நடைமுறையில் உண்மையாகவே இழப்பை உண்டாக்கக்கூடியது. நீலகிரியில் ஒரு கூடலூர். தேனி மாவட்டத்தில் கம்பத்துக்கு அருகே ஒரு கூடலூர். இவற்றோடு ஒலியில் நெருங்கிய கடலூர் வங்கக் கடலோரத்தில். எங்கள் உறவினர் ஒருவர் நீலகிரிக் கூடலூருக்கு அனுப்பிய மருந்துப் பொதி, முகவரியில் எண் எழுதாததால் கடலூருக்குப் போய்த் திரும்பி, பன்னிரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. இத்தகைய தடுமாற்றத்தைத் தீர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் அறிமுகமானது. ஆறு இலக்கங்களில் முதல் இலக்கம் பெரு வட்டாரத்தைக் காட்டும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது 6. முதல் மூன்று இலக்கங்கள் கடிதம் பிரிக்கும் மாவட்டத்தையும், கடைசி மூன்றும் குறிப்பிட்ட அஞ்சலகத்தையும் காட்டும். நீலகிரிக் கூடலூரின் எண் 643 என்று தொடங்கும், தேனிக் கூடலூரினுடையது 625, கடலூரினுடையது 607. எழுத்தில் ஒரு நெடில் தவறினாலும் எண் காப்பாற்றிவிடும்.

வெளிநாட்டுப் பெயர்களோடு கலப்பது வெலிங்டனில் நடக்கும். குன்னூரை அடுத்த வெலிங்டனுக்கு முன்பு ஜக்கதளா என்ற படுகர் ஊரின் பெயர்தான் வழங்கியது. 1815இல் வாட்டர்லூ போரில் வென்ற படைத்தலைவர் ஆர்தர் வெல்லெஸ்லியின் பட்டப்பெயரை ஆங்கிலேயர் தங்கள் படைமுகாமுக்கு வைத்தார்கள். அதே பட்டப்பெயரை நியூசிலாந்தின் தலைநகரும் தாங்கி நிற்கிறது. அந்தப் பட்டமோ இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள வெலிங்டன் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. ஆகவே வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கு முகவரி கொடுக்கும்போது, ஊர்ப்பெயரோடு நீலகிரி, இந்தியா என்ற இரண்டையும் விடாமல் எழுதச் சொல்ல வேண்டும். மலை ரயில் பாதையில் வரும் ரன்னிமீடும் இப்படி ஒரு நகல். 1215இல் மாக்னா கார்ட்டா முத்திரையிடப்பட்ட தேம்ஸ் நதிக்கரைப் புல்வெளியின் பெயர் அது. ஊட்டியின் ஸ்னோடன் சிகரத்துக்கு வேல்ஸ் நாட்டின் மலையிலிருந்து பெயர் வந்தது. அங்கே அது 1,085 மீட்டர்தான், இங்கே நகல் அதைப்போல் இருமடங்குக்கும் உயரம். டால்பின்ஸ் நோஸ் என்ற காட்சிமுனையோ குன்னூரிலும் உண்டு, கொடைக்கானலில் வட்டக்கானலுக்கு அருகிலும் உண்டு, விசாகப்பட்டினத்திலும் உண்டு. முன்பின் சொல்லாமல் அந்தப் பெயரை மட்டும் தேடிப் புறப்பட்டால் வேறு மலையில் போய் நிற்க நேரிடும்.

வட்டக்கானல் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில எழுத்தில் 'கனல்' என்பதற்கும் 'கானல்' என்பதற்கும் வேறுபாடு தெரியாது. அதனால் வடக்கிலிருந்து வருபவர்கள் பலர் அதைக் கால்வாய் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகப் படித்து, கொடைக்கானலில் கால்வாய் எங்கே என்று கேட்கிறார்கள். காட்டைக் குறிக்கும் 'கான்' என்ற தமிழ்ச் சொல்லை நினைத்துக்கொண்டால் அந்த மயக்கம் வராது. குறில் நெடில் காட்டாத எழுத்தில் நம் ஊர்களை எழுதும்போதெல்லாம் இந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் வேறு உடையில் திரும்பிய சொற்களும் உண்டு. மலையின் மடிப்புகளில் ஓடையை ஒட்டி அடர்ந்து நிற்கும் குட்டையான பசுங்காட்டை நாம் சோலை என்போம். ஆங்கிலேயர் 'ஷோலா' என்று எழுதினார்கள். தாவரவியல் நூல்களில் உலகெங்கும் அந்த வடிவமே நிலைத்தது. இன்று தமிழில் எழுதுபவர்களே அதை வெளிச்சொல் என்று கருதி 'ஷோலா காடுகள்' என்று எழுதுகிறார்கள். வீட்டைவிட்டுப் போன பிள்ளையை விருந்தாளி என்று அழைப்பது போன்றது இது. மேல்மலைக்கு அப்பால், கேரள எல்லைக்குள் இருக்கும் தேசியப் பூங்காவுக்குப் பாம்பாடும் சோலை என்ற பெயர் இன்றும் சிதையாமல் இருக்கிறது. அதைப் பார்த்தாவது நாம் 'சோலைக்காடு' என்று எழுதலாம். சந்தையும் இப்படியே 'ஷாண்டி' ஆனது. நம் பக்கத்து ஆங்கில அறிக்கைகளில் வாரச்சந்தையை அப்படித்தான் எழுதுவார்கள். இங்கிலாந்துக்காரருக்கு அதைச் சொன்னால், பீரோடு எலுமிச்சைப் பானம் கலந்து குடிக்கும் ஒன்றை நினைப்பார். அவரிடம் மார்க்கெட் என்று சொல்வதே பொருந்தும்.

'ஸ்டேஷன்' என்ற சொல்லும் விளக்கம் வேண்டுவது. 'ஹில் ஸ்டேஷன்' என்பதில் உள்ள ஸ்டேஷனுக்கும் ரயிலுக்கும் தொடர்பில்லை. படையினரையும் அலுவலர்களையும் நிறுத்தி வைத்த இடத்துக்கு ஆங்கிலேயர் ஆட்சியில் அந்தப் பெயர். மலைமேல் இருந்தால் ஹில் ஸ்டேஷன். குன்னூருக்கு ரயில் வந்ததே 1899இல்தான், ஊட்டிக்கு 1908இல். இரண்டும் அதற்கு வெகுகாலம் முன்பே ஹில் ஸ்டேஷன்கள். அலுவலர் தன் பணியிடத்தில் இல்லை என்பதைக் குறித்த 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்ற தொடரும் அந்த வழக்கத்தின் எச்சமே. நம் அலுவலகங்களில் அது இன்றும் புரியும். வெளிநாட்டினருக்கு எழுதும் கடிதத்தில், ஊரில் இல்லை என்று பொருள்படும் 'அவுட் ஆஃப் டவுன்' என்பதே தெளிவு.

விடுதிப் பலகைகளில் காணும் பிழைகளை விரைந்து சொல்லிவிடுகிறேன். 'பேக்சைடில் பார்க்கிங்' என்று எழுத வேண்டாம்; ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் உடலின் பின்பகுதியைக் குறிக்கும், 'பிஹைண்ட்' போதும். 'ஹோட்டல்' என்றால் நமக்குச் சாப்பாட்டுக்கடை, வெளியாருக்குத் தங்கும் விடுதி. 'டெசர்ட்' என்பதில் ஓர் 'எஸ்' இருந்தால் பாலைவனம், இரண்டு இருந்தால் உணவுக்குப் பின் உண்ணும் இனிப்பு. 'ஸ்டேஷனரி' என்பதன் இறுதிப் பகுதியில் 'ஏ' வந்தால் அசையாமல் நிற்பது, 'ஈ' வந்தால் நோட்டும் பேனாவும்.

மரத்தின் பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. நீலகிரித் தைலம் தரும் யூகலிப்டஸ் மரத்தை இந்தி, மராத்தி பேசுவோர் 'நீலகிரி' என்றே அழைக்கிறார்கள். அதனால் அது இந்த மலையின் சொந்த மரம் என்று நினைப்போர் ஏராளம். அதன் தாயகம் ஆஸ்திரேலியா. 1840களில் விறகுத் தேவைக்காக இங்கே கொண்டுவரப்பட்டது. ஆங்கிலத்தில் அதற்கு 'ப்ளூ கம்' என்று பெயர். அந்த நீலம் இளம் இலையின் நிறத்திலிருந்து வந்தது, நீல மலையிலிருந்து அன்று. மலையின் பெயர் அந்நிய மரத்துக்குப் போய்விட்டது. அது நடப்பட்ட இடங்களில் முன்பிருந்த புல்வெளிகளோ பெயர்கூட இல்லாமல் மறைந்தன.

கடைசியாகப் பழனி. ஆங்கில வரைபடத்தில் 'பழனி ஹில்ஸ்', பழைய எழுத்தில் 'புல்னி', என்பது கொடைக்கானலைத் தாங்கி நிற்கும் மலைத்தொடர் முழுவதற்கும் பெயர். தமிழ்நாட்டில் 'பழனி மலை' என்று சொன்னால், படியேறிப் போய்த் தண்டாயுதபாணியை வணங்கும் ஒற்றைக் குன்றுதான் எவர் மனத்திலும் தோன்றும். மலைத்தொடரில் வாழ்பவர்கள் தங்கள் இடத்தை அப்படிச் சொல்வதே இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கம் மேல்மலை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் கீழ்மலை. வண்டி பேசும்போது இந்தப் பெயர்களைச் சொன்னால்தான் ஓட்டுநருக்குப் போகும் திசை விளங்கும். பூம்பாறையிலும் குழந்தை வேலப்பர் என்று முருகன் கோயில் கொண்டிருப்பதால், 'பழனி மலை முருகன் கோயில்' என்று மட்டும் சொன்னால் தடுமாற்றம் இன்னும் கூடும். வேறுபாட்டைக் கண்ணால் காண விரும்புகிறவர் கொடைக்கானலின் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு மூடுபனியில்லாத காலையில் போகலாம்; அங்கே பழனி மலைத்தொடரின் மேல் நின்றுகொண்டு, வெகு கீழே சமவெளியில் சிறு மேடாகத் தெரியும் பழனி மலையைப் பார்க்க முடியும்.